ஏலப் பட்டியலுக்கு முந்திய பட்டியல்

இரணைமடுச் சந்தியில் இறங்கிக் குளத்துக்குப் போகும் வீதியால் நடந்துகொண்டிருந்தேன். அரிவி வெட்டு முடிந்த வயல் ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது வேறு வேலைக்கு. சிறுபோகத்துக்கான தண்ணீர்ப் பங்கீடு பற்றி விவசாயிகள் சிலரோடு பேசவேண்டியிருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். காரணம் ஒரு பொடியன். பதினாறு, பதினேழு வயது இருக்கும். இடக்கைப் பந்துவீச்சு. அறுத்த தாள் குத்தும் வயலில் வெறுங்கால். வரம்புக்கு அப்பால் இருந்து ஓடிவந்து, வரம்பைத் தாண்டிப் பாய்ந்து, மென்பந்தைத் துடுப்பாட்டக்காரனின் காலடியில் குத்திக்கொண்டிருந்தான். ஆறு பந்தில் நாலு காலடியில் விழுந்தது. மிச்ச இரண்டையும் மற்றவன் கண்டானோ தெரியாது.

நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள் என்று தெரிந்ததும் அவன்தான் முதலில் கேட்டான்.

"அக்கா, உந்த எல்பிஎல் லிஸ்டில பேர் வாறதெண்டால் ஆரிட்டக் குடுக்கோணும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறி வந்துவிட்டது. அவன் ‘எப்படி விளையாடவேண்டும்’ என்று கேட்கவில்லை. ‘ஆரிடம் கொடுக்கவேண்டும்’ என்று கேட்டான். வீரர் தெரிவு பற்றி வன்னியில் ஒரு பொடியன் விளங்கி வைத்திருப்பது இதுதான். அது முழுக்கப் பிழையும் இல்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு அன்று சொல்லாமல் விட்ட பதில்.

தெரிவு எப்படி நடக்கிறது?

லங்கா பிரிமியர் லீக் 2020 இல் தொடங்கியது. முதல் வீரர் தெரிவு கொரோனா காலத்தில், 2020 ஒக்ரோபர் 19 அன்று இணையவழியில் நடந்தது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து பெயர்களில் ஐந்து அணிகள். சுற்றுச் சுற்றாக, முறை வைத்து வீரர்களை எடுத்தார்கள். 2023 இல் அந்த முறை மாறி ஏலம் வந்தது. அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் வேகப்பந்து வீச்சாளர் டில்ஷான் மதுஷங்க. 92,000 டொலர் கொடுத்து அவரை எடுத்தது ஜப்னா கிங்ஸ். அடுத்த வருட ஏலத்தில் கொழும்பு அணி மதீஷ பத்திரனவை 120,000 டொலருக்கு எடுத்தது.

முறை வைத்து எடுத்தாலும் ஏலத்தில் எடுத்தாலும் அணி நடத்துகிறவர்களின் கணக்கு ஒன்றுதான். களத்தில் இறங்கும் பதினொருவரில் நாலு பேர் வெளிநாட்டவராக இருக்கலாம். மிச்சம் ஏழு பேர் இலங்கையர். அந்த ஏழு இடங்களில் முதல் மூன்று, நாலு இடங்களுக்குத் தேசிய அணி வீரர்களைப் பிடிக்கப் போட்டி நடக்கும். பணமும் அங்கேதான் போகும். அதற்குப் பிறகு அவர்கள் பார்ப்பது ஆளை விட இடத்தை. எங்களிடம் கடைசி ஓவர்களில் யோர்க்கர் போட ஆள் இருக்கிறதா? விக்கெட் காப்பாளர் காயப்பட்டால் மாற்று யார்? மணிக்கட்டால் பந்தைத் திருப்புகிறவர் உண்டா? எந்தத் திறமை நாட்டில் அரிதோ அந்தத் திறமைக்கு, ஆள் சிறியவன் என்றாலும், ஒரு இடத்தைப் பந்தயமாக வைப்பார்கள். மிதவேகப் பந்துவீச்சாளர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் நாட்டில், இன்னொரு பதினெட்டு வயது மிதவேகப் பந்துவீச்சாளருக்காக யாரும் இடத்தை வீணாக்க மாட்டார்கள்.

விஜயகாந்த் வியாஸ்காந்தின் கதையை இந்தக் கணக்கோடு பார்த்தால்தான் விளங்கும். யாழ் மத்திய கல்லூரியில் படித்த அவரை 2020 இல் ஜப்னா ஸ்டாலியன்ஸ் எடுத்தது. கபில்ராஜ், தினோஷன் ஆகிய வடக்கு வீரர்களும் அந்தக் குழாமில் இருந்தார்கள். அதே குழாமில் வனிந்து ஹசரங்கவும் இருந்தார். நாட்டின் முதல்தர மணிக்கட்டுச் சுழற்பந்து வீச்சாளரைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் ஒரு பாடசாலைப் பொடியனை எதற்கு எடுத்தார்கள்?

இரண்டு காரணங்கள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று பெயர். யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பெயரை நம்பிப் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? மற்றது, மணிக்கட்டுச் சுழல் அரிது. அதைக் கட்டுப்பாட்டோடு வீசும் பதினெட்டு வயதுப் பையன் இன்னும் அரிது. முதல் காரணம் அவருக்குக் கதவைத் திறந்திருக்கலாம். உள்ளே இருக்க வைத்தது இரண்டாவது. 2020 டிசம்பர் 4 அன்று, தன் 19 ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், கொழும்பு அணிக்கு எதிராக அவர் களமிறங்கினார். அஞ்சலோ மெத்யூஸின் விக்கெட்டை எடுத்தார். 2023 ஒக்ரோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணிக்காக விளையாடினார். 2024 இல், காயத்தால் விலகிய அதே ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை ஐபிஎல்லுக்கு அழைத்தது.

தயவால் கிடைத்த இடம் என்று யாரும் இன்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் இடம் அவருக்குக் கிடைக்கும் முன்னரே ஒரு விடயம் நடந்து முடிந்திருந்தது. அவர் கடினப்பந்தில், நடுவர் நின்ற போட்டிகளில், விக்கெட் எடுத்த கணக்கு எழுத்தில் இருந்தது. தெரிவாளர்கள் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில் அவர் பெயர் ஏற்கனவே இருந்தது.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

இளம் வீரர்களைத் தெரிவு செய்வதை உலகிலேயே மிகப் பெரிய கலையாகவும் வியாபாரமாகவும் ஆக்கி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய ‘கால்பந்து’ நாங்கள் விளையாடும் உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடும், எறியும் ஆட்டம். அதில் ‘வைட் ரிசீவர்’ என்று ஒரு இடம் உண்டு. மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர், ஆட்டம் தொடங்கியதும் வேகமாக ஓடி, தன்னை மறிக்க வருகிறவரை ஏமாற்றி, தூரத்தில் இருந்து எறியப்படும் பந்தைப் பிடிக்கவேண்டும். 32 அணிகள், வருடத்துக்கு ஒருமுறை, ஏழு சுற்றுகளில், கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுப்பார்கள். முந்திய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு.

அதற்கு முன்னர் வீரர்களை ஒரே இடத்துக்கு அழைத்து அளப்பார்கள். உயரம், கை நீளம், பாய்ச்சல், 40 யார் ஓட்டம். 2017 இல் ஜோன் ரோஸ் என்பவர் அந்த 40 யாரை 4.22 செக்கனில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது ஆளாகப் பாய்ந்து எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. மாறாக 2023 இல் பூகா நகுவா என்பவரை 176 பேர் போன பிறகு, ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தார்கள். அந்த முதல் பருவத்திலேயே அவர் 105 பந்துகளைப் பிடித்து, புதுமுக வீரர்களுக்கான சாதனையை உடைத்தார்.

கடிகாரத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறவேண்டி வரும் என்பதற்கு அமெரிக்கர்கள் இந்தக் கதைகளைச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. 177 ஆவது ஆளாக எடுக்கப்பட்டவரும் பட்டியலில் இருந்தவர்தான். அவர் ஆடிய கல்லூரிப் போட்டிகள் எல்லாம் ஒளிப்பதிவில் இருந்தன. தெரிவாளர்கள் தவறாக மதிப்பிட்டார்கள், ஆனால் பார்த்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஜெரி ரைஸ் வருவார். மிசிசிப்பியில் ஒரு கொத்தனாரின் மகன். பெரிய கல்லூரிகள் எட்டிப் பார்க்காத ஒரு சிறிய கறுப்பினக் கல்லூரியில் ஆடியவர். சான் பிரான்சிஸ்கோ அணியின் பயிற்றுநர் பில் வோல்ஷ், வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போய்த் தங்கிய ஹோட்டல் அறையில், தொலைக்காட்சியில் அவருடைய ஆட்டத்தைக் கண்டார். 1985 இல் 16 ஆவது ஆளாக எடுத்தார். பின்னாளில் அந்த இடத்தில் ஆடியவர்களில் எல்லாம் சிறந்தவர் என்று பெயர் வாங்கியவர் ரைஸ். சிறிய கல்லூரிதான். ஆனால் அந்தச் சிறிய கல்லூரியின் ஆட்டமும் யாரோ ஒருவருடைய கமராவில் விழுந்தது.

எங்களுடைய நாட்டிலும் இதே கதை உண்டு. காலிக்குப் பக்கத்தில் ரத்கமவில் மென்பந்து விளையாடி வளர்ந்தவர் லசித் மாலிங்க. முன்னாள் தேசிய வீரர் சம்பக்க ராமநாயக்க காலியில் அவரைக் கண்டார். அந்தக் கோணல் கையைத் திருத்தாமல் வளர்த்தெடுத்தார். யாழ் பரியோவான் கல்லூரி மாணவன் குகதாஸ் மாதுளன், மாலிங்கவைப் போலக் கையைச் சுழற்றி வீசும் காணொளி சமூக ஊடகங்களில் பரவியது. 2024 இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை வலைப்பயிற்சியில் பந்துவீச அழைத்தது. பிறகு 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணிக் குழாமிலும் அவர் இடம்பிடித்தார். சில செக்கன் காணொளி செய்த வேலை அது.

இரணைமடு வயலில் அன்று நான் கண்ட பந்துகளை யாரும் பதியவில்லை. நானும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மாதான் பார்த்தேன்.

வடக்கு என்று ஒன்று இல்லை

தெரிவில் பாகுபாடு என்றால் நாங்கள் உடனே கொழும்பைக் கைகாட்டுவோம். அதில் நியாயம் இருக்கிறது. கழகக் கிரிக்கெட்டின் மையம் கொழும்பு. தேசிய அணிக்கான வழி அந்தக் கழகங்களுக்கு ஊடாகத்தான் போகிறது. யாழ்ப்பாணத்தின் பெயரில் விளையாடும் அணி 2020, 2021, 2022, 2024 என நாலு முறை கிண்ணம் வென்றும், லங்கா பிரிமியர் லீக்கின் ஒரு போட்டிகூட வட மாகாணத்தில் நடந்ததில்லை.

ஆனால் வடக்குக்கு உள்ளேயும் ஒரு ஏணி இருக்கிறது. வியாஸ்காந்த் யாழ் மத்திய கல்லூரி. மாதுளன் யாழ் பரியோவான் கல்லூரி. இந்த இரண்டு பாடசாலைகளும் மோதும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ 1904 இல் இருந்து நடக்கிறது. நூறு வருடத்துக்கு மேலான மரபு, பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டுக் கிளைகள், பயிற்றுநர்கள், நகரத்துக்கு நடுவில் மைதானங்கள். இது அவர்கள் உழைத்துக் கட்டியது. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ‘வடக்குக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது’ என்று நாங்கள் எழுதும்போது, அந்த வடக்குக்குள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

வன்னியின் பாடசாலைகளுக்கு அந்த மரபு கட்டக் காலம் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் பல பாடசாலைகள் மைதானத்தோடும் பதிவேடுகளோடும் இடம்பெயர்ந்தன. 2009 க்குப் பிறகு மீள்குடியேறியவர்கள் முதலில் கட்டியது கூரை. பிறகு மலசலகூடம், கிணறு. கிரிக்கெட் ஆடுகளம் அந்த வரிசையில் எங்கே வரும்? முத்தையா முரளிதரன் முதலானோர் முன்நின்று 2012 இல் தொடங்கிய முரளி கிண்ணப் போட்டிகள் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் தெற்குப் பாடசாலை அணிகளைக் கொண்டுவந்தன. நல்ல முயற்சி. ஆனால் வருடத்தில் சில நாள் நடக்கும் ஒரு போட்டித் தொடரை நம்பி ஒரு பந்துவீச்சாளன் வளர முடியாது.

அந்த வயலில் நின்றவர்களிடம் ஏன் கடினப்பந்து விளையாடுவதில்லை என்று கேட்டேன். பதில்கள் எல்லாம் காசில் போய் முடிந்தன. மென்பந்துக்கு ஒரு மட்டையும் ஒரு பந்தும் போதும். கடினப்பந்துக்குக் காலுறை, கையுறை, தலைக்கவசம், சப்பாத்து, சீமெந்துத் தரை, அதன்மேல் விரிப்பு. ஒருவரின் தகப்பன் கூலிக்கு வயல் செய்கிறார். மற்றவரின் தாய் தனியாகக் குடும்பம் நடத்துகிறார். தலைக்கவசத்தின் விலையைக் கேட்டால் வீட்டில் வேறு பேச்சு வரும்.

இன்னொரு விடயத்தை ஒருவர் சொன்னபோதுதான் யோசித்தேன். பாடசாலைக் கடினப்பந்துப் பருவமும் காலபோகமும் கிட்டத்தட்ட ஒரே மாதங்களில் வருகின்றன. பயிற்சி சூடுபிடிக்கும் நேரம் இங்கே விதைப்பும் பசளையும். முக்கியமான போட்டிகள் வரும் நேரம் அரிவி வெட்டு. "வெட்டு நேரம் பிறக்டிசுக்குப் போனால் அப்பா கொல்லுவார்" என்றான் ஒருவன். யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் பயிலலாம் என்றால் ஏ9 வீதியால் எழுபது கிலோமீற்றர் அளவு போய் அதே தூரம் திரும்பவேண்டும். பயிற்சி முடிவது பின்னேரம். திரும்பி வர இரவாகிவிடும். அடுத்த நாள் பள்ளிக்கூடம்.

இரணைமடுக்காரருக்கு இந்த ஏற்றத்தாழ்வுப் பேச்சு புதிதில்லை. குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, எங்களுடைய வயலுக்கே காணாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். வருடக்கணக்கில் இழுபட்ட அந்த வாதத்துக்குப் பிறகு, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. தண்ணீருக்கு மாற்றுவழி தேட ஏலுமென்றால் இதற்கும் ஏலும். முதலில் பிரச்சினை இருக்கிறதென்று ஒத்துக்கொள்ளவேண்டும்.

எழுத்தில் இல்லாதது நடக்காதது

மென்பந்தை நாங்கள் குறைவாக மதிக்கிறோம். வன்னியில் கோயில் திருவிழாவுக்கு, கழக ஆண்டு விழாவுக்கு, இறந்துபோன ஒருவரின் ஞாபகார்த்தமாக என்று வருடம் முழுக்க மென்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. ஓவர்கள் குறைவு, எல்லைகள் கிட்ட, எல்லாப் பந்தையும் தூக்கி அடிப்பார்கள். அப்படி ஒரு ஆட்டத்தில் ஓட்டம் கொடுக்காமல் வீசப் பழகியவன் காலடிக்குப் பந்தைக் குத்துவதைத் தானாகவே கற்றுக்கொள்கிறான். இருபது ஓவர் அணிகள் டொலர் கொடுத்துத் தேடுவது அந்தத் திறமையைத்தான். கடினப்பந்தில் அது அப்படியே வந்துவிடாது. பந்தின் நிறை வேறு, தையல் வேறு, துள்ளல் வேறு. ஆனால் மூலப்பொருள் இருக்கிறது.

பதிவுதான் இல்லை. ஓட்டக் கணக்கை ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதுகிறார்கள். போட்டி முடிந்ததும் அந்தக் கொப்பி எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரு பருவத்தில் ஒருவன் அறுபது விக்கெட் எடுத்தாலும், அடுத்த வருடம் அது ஊர்க்கதை. தெரிவாளர் ஒருவர் நல்ல மனதோடு வந்து ‘இங்கே யார் நன்றாக வீசுகிறான்’ என்று கேட்டால் காட்ட ஒரு கடதாசி இல்லை.

இதில் ஊடகத்துறைக்காரருக்கும் பங்கு இருக்கிறது. பெருஞ்சமருக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வன்னியில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ண இறுதிப் போட்டிக்கு இரண்டு வரியும், கிண்ணத்தை வழங்கும் பிரமுகரின் படமும் போடுகிறோம். வென்ற அணியின் பெயர் வரும். விக்கெட் எடுத்தவனின் பெயர் வராது. ஒருவன் தெரிவான பிறகு ‘சாதனை மைந்தன்’ என்று எழுதுவதற்கு நாங்கள் எல்லாரும் வரிசையில் நிற்போம். அவன் தெரிவாக வேண்டிய காலத்தில் அவனுடைய கணக்கை எழுதுவதற்கு ஒருவரும் இல்லை. இதை நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மண்டைதீவும் பதினாலு ஆடுகளங்களும்

2025 செப்டெம்பர் 1 அன்று யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். 40,000 பேர் இருந்து பார்க்கக்கூடிய மைதானம் என்று சொல்லப்படுகிறது. வரவேண்டும். வந்தால் ஒருநாள் ‘ஜப்னா’ அணி ஜப்னாவில் விளையாடுவதைப் பார்க்கலாம். அதே வருட இறுதியில் நடக்கவிருந்த லங்கா பிரிமியர் லீக்கின் ஆறாவது தொடர், 2026 இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களை ஆயத்தப்படுத்துவதற்காகப் பிற்போடப்பட்டது. மைதானம்தான் கிரிக்கெட் என்ற நினைப்பு எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. 40,000 பேர் இருந்து பார்க்கும் இடத்தில் விளையாடப்போகிறவன் எங்கே பழகுவான் என்பது அடுத்த கேள்வி.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு ஒரு சீமெந்து ஆடுகளமும் ஒரு விரிப்பும் பொதுவான ஒரு உபகரணப் பெட்டியும் என்று வைத்தால் பதினாலு. ஒரு சர்வதேச மைதானத்தோடு ஒப்பிட்டால் இது எண்ணிப் பார்க்கும் செலவே இல்லை. மாகாண விளையாட்டுத் திணைக்களமும், இலங்கை கிரிக்கெட் நிறுவனமும், வெளிநாடுகளில் இருக்கும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு காலபோகத்துக்கும் அடுத்த காலபோகத்துக்கும் இடையில் முடிக்கலாம்.

இரண்டாவது, தெரிவு முகாம். தெரிவு முகாம் நடத்துவதென்றால் அறிவித்தல் மூன்று மாதத்துக்கு முன்னர் வரவேண்டும். கடினப்பந்தும் சப்பாத்தும் அப்போதே கையில் கிடைக்கவேண்டும். மென்பந்தில் மட்டும் வீசிப் பழகியவனை ஒருநாள் காலையில் கூப்பிட்டு, கையில் கடினப்பந்தைக் கொடுத்து, ஆறு பந்து வீசச்சொல்லிவிட்டு ‘சரிவரவில்லை’ என்று அனுப்புவது தெரிவு ஆகாது. முகாம் கிளிநொச்சியிலும் நடக்கவேண்டும். நகரில் விளையாட்டுத் தொகுதி இருக்கிறது.

மூன்றாவது, பதிவு. இதற்குக் காசுகூட அதிகம் வேண்டாம். ஒவ்வொரு கழகத்திலும் ஒருவர் நடுவருக்குப் பின்னால் தொலைபேசியை ஒரு தடியில் கட்டி வைக்கலாம். ஓட்டக் கணக்கைக் கொப்பியில் எழுதி, படம் எடுத்து, ஒரு பொதுவான இடத்தில் சேர்க்கலாம். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் பொறுப்பெடுத்தால் போதும். இரண்டு பருவம் இப்படிச் சேர்த்தால் வன்னியிலும் ஒரு பட்டியல் இருக்கும்.

கடைசியாக அணி உரிமையாளர்கள். யாழ்ப்பாண அணியின் உரிமை ஆரம்பத்தில் புலம்பெயர் தமிழரோடு சம்பந்தப்பட்டிருந்தது. பதினொருவரில் ஒரு வன்னிக்காரரைக் கட்டாயம் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு ஒதுக்கீடு வந்தால், ஒருவனை எடுத்து, சீருடை கொடுத்து, படம் பிடித்து, தொடர் முடியும்வரை வாங்கில் இருத்தி வைப்பார்கள். அது அவனுக்கும் அவமானம், ஊருக்கும் பொய். நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் கடினமானது. தொடர் இல்லாத மாதங்களில் வலைப்பயிற்சிக்கு வன்னியில் இருந்து நாலு பேரை எடுங்கள். தங்குமிடமும் போக்குவரத்தும் கொடுங்கள். அரிவி வெட்டு முடிந்த பிறகு எடுங்கள். சரிவராவிட்டால் என்ன குறை என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

‘திறமை இருந்தால் தானாக வெளியே வரும்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வியாஸ்காந்த் வரவில்லையா என்பார்கள். வந்தார். ஆனால் வந்த ஒருவரை வைத்து வராதவர்களுக்குத் திறமை இல்லையென்று தீர்மானிக்கிறோம். வராதவர்களைத்தான் ஒருவரும் பார்க்கவில்லையே. அமெரிக்காவில் ஒவ்வொரு வீரனையும் செக்கன் கணக்கில் அளக்கிறவர்களே பிழைவிடுகிறார்கள். அளக்காத இடத்தில் நாங்கள் எவ்வளவு பிழைவிட்டிருக்கிறோம் என்று எண்ணவும் வழியில்லை.

இரண்டு கிழமை கழித்துத் தண்ணீர்ப் பங்கீட்டுக் கட்டுரைக்கு மீதி விபரம் எடுக்க மறுபடியும் இரணைமடுவுக்குப் போனேன். இந்த முறை காணொளி எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் விளையாடிய வயல் முழங்கால் அளவு சேறு. உழவு மிசின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பொடியள் எங்கே என்று கேட்டேன். "வெட்டு முடிஞ்சால் வருவாங்கள்" என்றார் வரம்பில் நின்ற ஐயா.

அவனுடைய பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.